கொசுவலையில் தொங்கிய கூட்டம்

பொய் சொல்லத் தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். எனக்கு ஓரளவு நன்றாகவே சொல்ல வரும். அதுதான் வினையாகப் போனது.

"தேனீப் பெட்டியக் கொடுத்துட்டியா இல்லையா?" என்று என் வீட்டுக்காரர் முந்தாநாள் காலையில் கேட்டார். அந்த மாதத்தில் அவர் அப்படிக் கேட்பது இருபதாவது தடவையாவது இருக்கும். தையல் மிஷினை விட்டுத் தலையைக்கூடத் தூக்காமல், "நேத்தே கொடுத்தாச்சு" என்றேன். கொடுக்கவில்லை. கொல்லையில், குளியலறைக்குப் பின்னால் இருக்கும் சந்தில், நாலு வருஷமாக இருந்த இடத்திலேயேதான் பெட்டி இருந்தது. தேனீ போய்வர முன்பக்கம் மட்டும் விட்டுவிட்டு, மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடியிருந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னால், பேக்கரியில் ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்றுவிட்டு விடிந்ததும் வந்தவர், முகம் கழுவக் கொல்லைக்குப் போனார். கழுத்தில் ஒரே ஒரு தேனீ கொட்டியது. நானெல்லாம் வாரத்துக்கு நாலு கொட்டு வாங்குகிறவள், வெங்காயம் நறுக்கும்போது விரலில் கீறினால் எவ்வளவோ அவ்வளவுதான் எனக்கு அது. அவருக்கோ அஞ்சு நிமிஷத்தில் உதடு தடித்து, கண் மூடிக்கொண்டு, மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஆம்புலன்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனேன், கை ஜில்லென்று இருந்தது. அடுத்த கொட்டுக்கு இவ்வளவு நேரம்கூடக் கிடைக்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். ஒரே ஒரு ஊசி கொடுத்து, கொட்டினால் உடனே தொடையில் குத்திவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடி வரச் சொன்னார்.

அதற்குப் பிறகும் பெட்டியை ஏன் வைத்திருந்தாய் என்று கேட்டால், மனசு வரவில்லை. அதற்கு மேல் நியாயம் பேசினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

அந்த நாளிலிருந்து அவர் கொல்லைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. தூங்குகிற அறையின் ஜன்னலை இரவும் பகலும் தாழ்ப்பாள் போட்டே வைத்திருந்தார். வியர்த்து வடியும், திறக்க மாட்டார். இந்த அழகில் வீட்டில் என் நாத்தனார் வேறு. அவருடைய அக்கா, எங்களோடுதான் இருக்கிறார். ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் மணியடித்து ஓய்வு பெற்றவர். அந்த மணிச்சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, ரகசியத்தைக்கூடத் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார். அவர் கண்ணுக்குப் பயந்து, ஒரு மாதமாக நான் பெட்டியைத் திறந்தே பார்க்கவில்லை. தேனீ வளர்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பூப்பூக்கும் காலத்தில் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும். உள்ளே புது ராணிக்கு அறை கட்டியிருந்தால் கிள்ளிப் போடவேண்டும். இல்லையென்றால் பழைய ராணி பாதிக் கூட்டத்தை இழுத்துக்கொண்டு வேறு வீடு தேடிக் கிளம்பிவிடும்.

கிளம்பியது.

நேற்று மத்தியானம் இரண்டே முக்கால் இருக்கும். ஒரு கால்சட்டைக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தேன். மிஷின் நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை. கொல்லையிலிருந்து வந்தது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். ஓடிப் போய்ப் பார்த்தால், குளியலறைக் கூரைக்கு மேல் ஆகாயமே தெரியாமல் தேனீ சுற்றிக்கொண்டிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். என் கூட்டம் இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறதே என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்புறம் அது அப்படியே நகர்ந்து வீட்டின் பக்கவாட்டுக்குத் திரும்பியது. அந்தப் பக்கம்தான், ராத்திரி வேலை முடிந்து வந்து அவர் பகலில் தூங்கும் அறை.

ஜன்னல் சாத்தியிருக்குமே என்ற தைரியத்தில்தான் பின்னாலேயே போனேன். ஜன்னல் இரண்டு கதவும் விரியத் திறந்து கிடந்தது. தேனீ கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் ஊற்றுகிற மாதிரி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஒரு மாதமாகத் தாழ்ப்பாள் போட்டிருந்த ஜன்னல் எப்படித் திறந்தது என்று யோசிக்கக்கூட அவகாசமில்லை.

வீட்டுக்குள் ஓடி, அறைக்கதவை ஒரு விரல் அகலம் திறந்து பார்த்தேன். சின்ன அறை. கட்டிலின் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஜன்னல், காலடியில் அலமாரி. கட்டிலைச் சுற்றிக் கொசுவலை, நாலு மூலையும் கயிறு கட்டி நாலு ஆணியில். வலைக்குள்ளே அவர் மல்லாந்து படுத்திருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே, ஜன்னல் பக்கத்து மூலையில், வலைக்கு வெளியே தேனீ ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தொங்க ஆரம்பித்திருந்தது. ஒரு தலையணை அளவுக்கு வந்துவிட்டது, இன்னும் வந்து ஒட்டிக்கொண்டே இருந்தது. கனம் தாங்காமல் வலை உள்பக்கம் தொய்ந்து, அவர் நெற்றிக்கு ஒரு முழம் மேலே நின்றது.

வீட்டில் இவ்வளவு இடம் இருக்க ஏன் அங்கே போய் உட்கார்ந்தது என்று ஒரு நொடி புரியவில்லை. அப்புறம் வாசம் மூக்கில் ஏறியது. எலுமிச்சைப்புல் எண்ணெய். முந்தைய நாள் சாயங்காலம் நான்தான் தெளித்தேன். கொசு பிடுங்குகிறது என்று அவர் நாலு நாளாகப் புலம்பினார். அந்த எண்ணெய்க்குக் கொசு வராது என்பது ஞாபகம் வந்தது. நாலு சொட்டைத் தண்ணீரில் கலந்து வலை முழுக்க அடித்தேன். அந்தச் சீசாவை நான் எதற்கு வாங்கினேன் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை. காலிப் பெட்டிக்குள் தடவி வைத்தால், கிளம்பிப் போகிற தேனீக்கூட்டம் அந்த வாசத்துக்குத் தேடி வந்து உட்காரும், அதற்காகத்தான் வாங்கினேன். நாலு வருஷம் தேனீ வளர்த்தவள், கட்டின புருஷனைச் சுற்றி அதைத் தெளித்து வைத்திருக்கிறேன். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன், சத்தம் வராமல்.

"அங்க என்ன பாத்துட்டு நிக்கிற?" என்று பின்னாலிருந்து நாத்தனார் குரல்.

பாய்ந்து போய் அவர் வாயைப் பொத்தினேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவரை நான் தொட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். கதவிடுக்கைக் காட்டினேன். பார்த்தார். மெல்லக் கையை எடுத்தேன்.

"ஐயோ, தம்பி..." என்றார். முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார். "பெட்டிதான் கொடுத்தாச்சுன்னியே? இது எங்கேருந்து வந்துச்சு?"

"கொடுக்கல, அண்ணி."

"என்னது?"

"கொடுக்கல. பின்னாடிதான் இருக்கு. பொய் சொல்லிட்டேன். திட்டறத அப்புறம் திட்டுங்க, இப்ப சத்தம் போடாதீங்க, உங்க காலப் பிடிச்சுக்கறேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். திட்டவில்லை. "எழுப்பி இழுத்துட்டு வந்துடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"எழுப்பினா எப்படி எழுந்திருப்பார்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தொட்டு எழுப்பினால் வீடு பற்றி எரிகிற மாதிரி துள்ளி எழுந்து, கையை வீசி வலையை இழுப்பார். கிளம்பி வந்த கூட்டம் சாதாரணமாகக் கொட்டாது, வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு வந்திருக்கும், சாதுவாக இருக்கும். ஆனால் நசுங்கினால் கொட்டும். ஒன்று கொட்டினால் போதும், அந்த விஷத்தின் வாடைக்கே மற்றதும் கொட்டும். போதாக்குறைக்கு அந்த மூலை ஆணி மூன்று மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. "நாளைக்கு அடிக்கிறேன்" என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போது அந்த ஆணியைச் சுற்றிச் சுண்ணாம்பு உதிர்ந்து, தலையணையில் விழுந்துகொண்டிருந்தது.

"தீயணைப்புக்குப் போன் பண்ணட்டுமா?"

"அவங்க சைரன் அடிச்சுட்டு வர்றதுக்குள்ள அலாரம் அடிச்சிடும், அண்ணி."

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மூன்றரைக்கு அவர் கைபேசியில் அலாரம். தினமும் அதற்குத்தான் எழுந்திருப்பார், அடிக்கிற அடியில் சுவர்க் கடிகாரமே நடுங்கும். கைபேசி வலைக்குள்ளே, அவர் பக்கத்தில் எங்கேயோ. மணி பார்த்தேன். மூன்று அடிக்க அஞ்சு நிமிஷம்.

ஊசியை எடுத்து நாத்தனார் கையில் கொடுத்தேன். ஊசியைக் கண்டாலே மயங்குகிற ஆள் அவர். மழைக்கோட்டை மாட்டி, அதன் பையில் ஊசியைப் போட்டுக்கொண்டு, தலைக்கு அவருடைய தம்பியின் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றார். வேறு நாளாக இருந்தால் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு புண்ணாகியிருக்கும். நான் முகமூடி வலையை மாட்டிக்கொண்டேன், நானே தைத்தது. உதிரியாக வைத்திருந்த காலிப் பெட்டியில் பழைய தேனடைச் சட்டம் இரண்டைப் போட்டு எடுத்துக்கொண்டேன். அப்புறம் என் தையல் கத்தரி, ஒரு முக்காலி, துணி காயப்போடுகிற கோல், கை நிறையத் துணிக் கிளிப்.

"நான் ஆணிக் கயித்த வெட்டி, அந்த மூலைய மட்டும் கூட்டத்தோட பெட்டிக்குள்ள இறக்குவேன். மூலை கீழ வரும்போது மேல இருக்கிற வலை அவர் மூஞ்சி மேல சரியும். சரியாம நீங்க கோலால முட்டுக் கொடுத்துத் தாங்கணும். கை ஆடக் கூடாது."

"ஆடினா?"

"ஆடக் கூடாது, அண்ணி."

உள்ளே போனோம். வெளியிலிருந்து கேட்டதை விட உள்ளே சத்தம் அதிகம். காதில் இல்லை, பல்லில் கேட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேனீ பறந்து, என் முகமூடியில் மோதிவிட்டுப் போனது. புகை போட முடியாது, போட்டால் அத்தனையும் கிளம்பி அறை முழுக்கப் பறக்கும். முக்காலியைக் கட்டில் ஓரத்தில் வைத்து, அதன் மேல் பெட்டியை வைத்தேன். முக்காலிக் கால் தரையில் லேசாகக் கிறீச்சிட்டது. அவ்வளவுதான், இரண்டு பேரும் கல்லாக நின்றோம். அவர் அசையவில்லை.

நாத்தனார் கோலை நீட்டி, வலையின் மேல்விளிம்பைத் தூக்கிப் பிடித்தார். நான் ஒரு கையால் மூலைக்கு மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். கனத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், இரண்டு கிலோவுக்குக் குறையாது. மறுகையில் கத்தரி. எத்தனை வருஷம் எத்தனை துணி வெட்டியிருக்கிறேன், அந்தக் கயிறு வெட்டுப்படுவேனா என்றது. நாலாவது கடிக்குத்தான் அறுந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவரைப் பார்த்தேன்.

ஒரு தேனீ எப்படியோ வலைக்குள்ளே நுழைந்திருந்தது. அவர் கழுத்தில், போன மாதம் கொட்டு வாங்கிய இடத்துக்குப் பக்கத்தில் நின்று, தாடைக்கு ஏறி, கீழுதட்டில் போய் உட்கார்ந்தது. கையில் அத்தனை கனம், கீழே வைக்கவும் முடியாது, விடவும் முடியாது. தூக்கத்தில் வாயைத் துடைத்துக்கொண்டால் தீர்ந்தது. மனசுக்குள் அவரைக் கெஞ்சினேன், தேனீயையும் கெஞ்சினேன். யாரை அதிகம் கெஞ்சினேன் என்று தெரியாது.

அவர் துடைத்துக்கொள்ளவில்லை. மூடியிருந்த கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கிளம்பி, காதுப் பக்கம் வழிந்தது.

அப்புறம்தான் அவர் கைகளைப் பார்த்தேன். ஒரு கை போர்வையை முறுக்கிப் பிடித்திருந்தது, விரல்கள் வெளுத்துக் கிடந்தன. இன்னொரு கைக்குள் கைபேசி இருந்தது.

"முழிச்சிட்டுத்தான் இருக்கீங்களா?" என்றேன், எனக்கே கேட்காமல். "கண்ணத் திறக்காதீங்க. பேசாதீங்க. மூக்கால மெதுவா மூச்சு விடுங்க. அது தானாப் போயிடும். நான் இருக்கேன்."

நான் இருக்கேனாம். யாரால் இந்தக் கதி வந்ததோ அவளே சொல்கிறாள்.

தேனீ உதட்டிலிருந்து மூக்குக்கு ஏறியது, நெற்றிக்கு ஏறியது, அங்கிருந்து பறந்து வலையில் போய் ஒட்டிக்கொண்டது. நாத்தனார் ஹெல்மெட்டுக்குள் அழுகிற சத்தம் கேட்டது, ஆனால் கோல் ஒரு நூல்கூட அசையவில்லை. நான் மூலையை அங்குலம் அங்குலமாக இறக்கி, கூட்டத்தின் அடி பெட்டிக்குள் சட்டங்களைத் தொடும்வரை கொண்டுபோனேன். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். ராணி உள்ளே இறங்கினால்தான் மற்றதெல்லாம் இறங்கும். இறங்காவிட்டால் அத்தனையும் திரும்ப வலைக்கே ஏறிவிடும்.

எவ்வளவு நேரம் நின்றேனோ. தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருந்தது. மணி மூன்றரை ஆனது, தாண்டியது. அலாரம் அடிக்கவில்லை. அப்புறம் பெட்டி விளிம்பில் நாலைந்து தேனீ பின்பக்கத்தைத் தூக்கி, இறக்கையை விசிற ஆரம்பித்தது. ராணி உள்ளே இருக்கிறது, வாருங்கள் என்று மற்றவற்றை அழைப்பது அப்படித்தான். வலையிலிருந்ததெல்லாம் வரிசையாக உள்ளே நடந்து இறங்கியது. கடைசிக் கையளவு இறங்கியதும், பெட்டிக்குள் கிடந்த வலை மூலையைச் சுருக்கிப் பிடித்து, அதற்கு மேலே கத்தரியால் வெட்டி, வலையில் வெட்டின வாயைக் கிளிப்புகளால் கவ்வவைத்தேன். பெட்டியை மூடித் துணியால் கட்டினேன். வலைக்குள்ளே இருந்த அந்த ஒற்றைத் தேனீயை ஒரு டம்ளரால் கவிழ்த்துப் பிடித்து வெளியே விட்டேன். அறைக்குள் மிச்சம் பறந்தவை வெளிச்சத்தைத் தேடி ஜன்னல் வழியே போய்விட்டன.

"இப்ப எந்திரிச்சு வாங்க" என்றேன்.

அவர் எழுந்து வந்தார். நாத்தனார் அவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

ஊருக்கு வெளியே நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறவர் ஒருவர், கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் போன் செய்தேன். பொழுது சாய்ந்து தேனீ எல்லாம் அடைந்ததும், சின்ன லாரியில் வந்தார். பழைய பெட்டி, புதுப் பெட்டி இரண்டையும் நானே தூக்கி ஏற்றினேன். நாலு வருஷமாக இருந்த இடத்தில் நாலு செங்கல்லும் ஒரு தார்ப்பாயும் மட்டும் கிடந்தன. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

உள்ளே வந்தேன். அவர் வேலைக்குப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாத்தனார் பக்கத்தில், கையில் இன்னும் அந்த ஊசியோடு.

"எப்ப முழிச்சீங்க?" என்று கேட்டேன்.

"முதல் தேனீ உள்ள வந்தப்பவே. சத்தம் கேட்டுச்சு. அசைஞ்சா செத்தோம்னு அப்படியே கிடந்தேன்."

"அலாரம்?"

"நான்தான் அமுக்கினேன். பாக்காமலே, தடவித் தடவி."

அப்படியானால் கதவுக்கு வெளியே நானும் நாத்தனாரும் பேசினதும் அவருக்குக் கேட்டிருக்கும். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும், பிறவிக் குணம். "சரி, அந்த ஜன்னல எதுக்குத் திறந்து வச்சீங்க? ஒரு மாசமா அடச்சு வச்சுட்டு, இன்னைக்குன்னு பாத்து எதுக்குத் திறந்தீங்க?" என்று கத்தினேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பெட்டியக் கொடுத்தாச்சுன்னு நீதானே சொன்ன? அதான் இனிமே பயமில்ல, கொஞ்சம் காத்து வரட்டும்னு திறந்தேன்."

நாத்தனார் ஊசியை மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

"இப்ப நிஜமாவே கொடுத்துட்டேங்க. ரெண்டு பெட்டியும் போயிடுச்சு" என்றேன்.

"சரி" என்றார்.

அப்புறம் எழுந்து, அலமாரி மேலிருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு, ஒரு மாதமாகக் கால் வைக்காத கொல்லைக்கு அவரே இறங்கிப் போனார். அடுப்படியில் நின்று பார்த்தேன். குளியலறைக்குப் பின்னால் வெளிச்சம் போனது, தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்தது, தொட்டிக்கு அந்தப் பக்கம் போனது, சுவரோரமாகக் கடைசிவரை போய்த் திரும்பியது. திரும்பி வந்தவர் என்னைத் தாண்டிப் போய், வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். ஒவ்வொரு தாழ்ப்பாளையும் போட்ட பிறகு ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.